போலீஸ் ராஜ்யம் யாருக்கு?

1978 மார்ச் மாதக் கடைசியில் ஹைதராபாத் நல்லகுண்டா காவல் நிலையத்தின் மேல் கல்மாரி பொழிந்தது. இரவுக்காட்சி சினிமா பார்த்துவிட்டு வந்த ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியின் மனைவியைக் காவலர்கள் நிலையத்தில் வைத்துச் சீரழித்தார்கள், கணவரை அடித்தே கொன்றார்கள் என்ற செய்தி பரவிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அவருடைய உடலைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கே வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிபதி முக்தாதர் தலைமையில் ஆணையம் அமைந்தது, காவலர்கள்தான் குற்றவாளிகள் என்று அது சொன்னது. பிறகு வழக்கு கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் அங்கே விடுதலையானார்கள். 41 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 6 அன்று, அதே நகரத்துக்கு வெளியே சட்டான்பல்லி என்ற இடத்தில் காவலர்கள் மேல் பூமாரி பொழிந்தது. கால்நடை மருத்துவரான ஓர் இளம்பெண்ணை வல்லுறவு செய்து எரித்துக் கொன்றதாகக் கைதான நான்கு பேரை, விடியற்காலையில் அதே இடத்துக்கு அழைத்துப்போய்ச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். சைபராபாத் கமிஷனர் பத்திரிகையாளர்களிடம், சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது என்றார். நாடாளுமன்றத்தில்கூடப் பாராட்டுக் குரல்கள் கேட்டன.

கல்லிலிருந்து பூவுக்கு வந்த இந்த மாற்றத்தைக் காட்டி, இந்தியா போலீஸ் ராஜ்யம் ஆகிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது, அவர்கள் எழுதியதே அச்சாகிறது, அப்புறம் எப்படிப் போலீஸ் ராஜ்யம் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு நாடு முழுவதற்கும் ஒரே பெயர் வைக்கப் பார்ப்பதால்தான் விவாதம் நகர மறுக்கிறது. ஹிட்லர் காலத்தில் 1938 வரை பெர்லினில் வக்கீலாக இருந்த எர்ன்ஸ்ட் ஃபிரேங்கல், அமெரிக்காவுக்குத் தப்பிப்போய் 1941இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாஜி ஜெர்மனியிலேயே ஒப்பந்த வழக்குகளும் சொத்து வழக்குகளும் சட்டப் புத்தகத்தின்படியே நடந்தன, அதே ஊரில் வேறு சிலருக்குச் சட்டமே இல்லாமல் அதிகாரியின் விருப்பம் மட்டும் இருந்தது, ஒரே அரசுக்குள் இரண்டு அரசுகள் அக்கம்பக்கமாக வாழ்ந்தன என்று அவர் காட்டினார். இந்தியாவை நாஜி ஜெர்மனியோடு ஒப்பிடுவது மிகை, அநியாயமும்கூட. ஆனால் ஃபிரேங்கலின் கேள்வி நமக்கும் பொருந்தும்: எந்த எல்லைக்கோட்டுக்கு அப்பால் சட்டம் நின்றுபோகிறது, அந்தக் கோட்டுக்கு அப்பால் யார் வசிக்கிறார்கள்?

அடியின் கடுமையை வைத்து அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கலவரத்தில் தடியடி நடத்தும் போலீஸ் எல்லா ஜனநாயகங்களிலும் உண்டு. போலீஸ் சொன்னதே கடைசி உண்மையாக, அதற்குமேல் யாரும் சரிபார்க்காததாக எங்கே நிற்கிறதோ, அங்கே அந்த அளவுக்குப் போலீஸ் ராஜ்யம் நடக்கிறது என்பது என் கருத்து. இது அறவியல் கேள்வி, அதைவிட அதிகமாக அறிதல் பற்றிய கேள்வி. ஒருவன் குற்றவாளி என்பது நமக்கு எப்படித் தெரியும்? சட்டான்பல்லியில் இறந்த நால்வரும் அந்தக் கொடுமையைச் செய்திருக்கலாம். செய்தார்கள் என்று நமக்குச் சொன்னது யார்? அவர்களைச் சுட்ட அதே காவல்துறை. சாட்சி கூண்டில் ஏறவில்லை, தடயம் நீதிமன்றத்துக்கு வரவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்பூர்கர் ஆணையம், துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்ற போலீஸ் கதை நம்பத் தகுந்ததல்ல என்றது. சாக வேண்டும் என்ற நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. 10 போலீஸாரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்கப் பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தில் இருந்த மூவரில் ஒருவர், ராஜீவ் காந்தி கொலையைப் புலனாய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய டி.ஆர். கார்த்திகேயன். போலீஸின் கஷ்டம் தெரியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. சுட்டது பற்றி ஒரு தரப்பு சொன்னது பொய் என்று ஆகும்போது, சுடப்பட்டவர்கள் பற்றி அதே தரப்பு சொன்னதை மட்டும் எதை வைத்து முழுசாக நம்புவது? இறந்த பெண்ணின் குடும்பத்துக்கும் இதனால் ஒரு நஷ்டம் இருக்கிறது. தங்கள் மகளுக்கு என்ன நடந்தது என்பதை நீதிமன்றம் நிறுவிக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இனி என்றைக்கும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாண்டியன் விசாரிக்கத் தவறிய கதையாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கோவலனைச் சுற்றி நின்ற காவலர்கள் பேசிக்கொள்வதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்ற தயக்கம் முதலில் அவர்களிடமிருந்துதான் வருகிறது. உடனே பொற்கொல்லன் ஒரு நிபுணரைப் போல வகுப்பெடுக்கிறான்: கள்வர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர், மந்திரமும் மருந்தும் தந்திரமும் தெரிந்தவர்கள், முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறான். அடுத்து ஒரு காவலன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். ஊர் உறங்கும் நள்ளிரவில் ஒரு கள்வனைக் கண்டு வாளை உருவினானாம், அவன் அந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டானாம். சும்மா விட்டால் அரசன் நம்மைத்தான் வருத்துவான் என்ற பயமும் அங்கே பேசப்படுகிறது. அப்போது களிவெறியில் இருந்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். குற்றவாளி நம்மைப் போன்ற மனிதனே அல்லன் என்ற வாதம், ஆயுதத்தைப் பறித்தான் என்ற கதை, மேலிடத்து நெருக்கடி. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய காப்பியம் என்பார்கள். சட்டான்பல்லி வழக்கின் குறிப்பைப் போல இருக்கிறது. வாள் பறிபோன கதையைச் சொன்னது காவலன் வாய் மட்டும்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். வேறு சாட்சி இல்லை.

இதற்கு எதிராக நம் மரபிலிருந்தே ஒரு மேற்கோள் காட்டுவார்கள். கொடியவர்களை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்று வள்ளுவர் சொல்லவில்லையா என்று. சொல்லியிருக்கிறார், செங்கோன்மை அதிகாரத்தின் பத்தாவது குறளில். அதே அதிகாரத்தின் முதல் குறள், குற்றத்தை ஆராய்ந்து, யாரிடமும் கண்ணோட்டம் காட்டாமல், நடுநிலையில் நின்று, எது முறையோ அதைத் தேர்ந்து செய்வதே முறை என்கிறது. ஒன்பது படிகளைத் தாண்டிக் கடைசிப் படியில் மட்டும் ஏறி நிற்பதற்குக் குறள் துணை வராது. எது களை, எது பயிர் என்று பார்ப்பவனும் பிடுங்குபவனும் ஒரே ஆளாக, கேள்வி கேட்க வேறு ஆளில்லாமல் இருப்பதை வள்ளுவர் செங்கோன்மையில் வைக்கவில்லை. கொடுங்கோன்மைக்கென்று அடுத்த அதிகாரத்தையே எழுதியிருக்கிறார்.

நடைமுறை வாதம் இன்னும் வலுவானது: நீதிமன்றங்கள் ஆமை வேகத்தில் நடக்கின்றன, மக்கள் எத்தனை காலம் பொறுப்பார்கள்? டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டு வல்லுறவுக் கொலைக்குத் தூக்கு நிறைவேறியது 2020 மார்ச்சில். இந்தக் கோபத்தை அலட்சியமாகப் பேசக் கூடாது. ஆனால் தெலங்கானாவிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கால்நடை மருத்துவர் கொல்லப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, 2019 நவம்பர் 24 அன்று, ஆசிபாபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தலித் பெண் கூட்டு வல்லுறவுக்குப் பின் கொல்லப்பட்டார். ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்து பிழைத்த ஏழை. அவருக்காக ஹைதராபாத் மறியல் செய்யவில்லை, யாரும் யாரையும் சுடவும் இல்லை. ஆதிலாபாத்தில் தனி நீதிமன்றம் அமைத்தார்கள், சாட்சிகளை விசாரித்தார்கள், 2020 ஜனவரி 30 அன்று மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தது. மரண தண்டனை சரியா என்பது தனி விவாதம். பத்து வாரத்துக்குள் ஒரு விசாரணையை முடிக்க அந்த மாநிலத்தால் முடிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். அப்படியானால் சட்டான்பல்லியில் நடந்ததற்கு நீதிமன்றத் தாமதம் காரணமாக இருக்க முடியாது. நால்வரும் கைதாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. எந்த நீதிமன்றமும் தாமதிக்க அவகாசம்கூடக் கொடுக்கப்படவில்லை. மறுநாளே அன்றைய தலைமை நீதிபதி பாப்டே, நீதி உடனடியாகக் கிடைக்கும் பண்டம் அல்ல, பழிவாங்கலாக மாறினால் அது தன் குணத்தை இழந்துவிடும் என்று ஜோத்பூரில் சொன்னார்.

மக்களே ஆதரிக்கிறார்கள், மக்கள் விரும்புவதுதானே ஜனநாயகம் என்பது அடுத்த வாதம். மக்கள் எதை ஆதரித்தார்கள் என்று பார்க்க வேண்டும். போலீஸ் சொன்ன கதையை உண்மை என்று எடுத்துக்கொண்டு ஆதரித்தார்கள். ஒரே ஓர் ஊற்றிலிருந்து வந்த தகவலுக்குத் தலையாட்டுவதைச் சம்மதம் என்று சொல்லலாமா? 2015 ஏப்ரல் 7 அன்று இரண்டு சம்பவங்கள் நடந்தன. வாரங்கல் சிறையிலிருந்து ஹைதராபாத் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஐந்து முஸ்லிம் விசாரணைக் கைதிகள், ஆலேர் அருகே போலீஸ் வேனுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காவலரின் துப்பாக்கியைப் பறிக்கப் பார்த்தார்கள் என்பதே அங்கும் சொல்லப்பட்ட காரணம். கைவிலங்கோடு சடலங்கள் கிடந்த படங்கள் வெளிவந்தன. அதே நாளில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாக 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது பேருக்காகத் தமிழ்நாடு கொதித்தது. போலீஸ் சொன்னதை இங்கே ஒருவரும் நம்பவில்லை, அரசு முதல் டீக்கடை வரை கேள்வி கேட்டது. ஐந்து பேரைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. இறந்தவன் நம்மவன் என்றால் போலீஸ் கதையைச் சந்தேகிக்கிறோம், வேற்றாள் என்றால் அப்படியே விழுங்குகிறோம். நம் ஊரிலேயே கைதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், சாத்தான்குளத்தில் போலீஸாரால் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது அழுதார்கள். கடைக்காரர்கள் என்பதால் அவர்கள் நம்மவர்கள் ஆனார்கள். மக்கள் ஆதரவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கோட்டை யார் தலைக்கு மேல் போடுவது என்ற ஏற்பாடுதான்.

ஹைதராபாத்தில் அந்தக் கோடு சாதாரண நாட்களிலும் தெரியும். பழைய நகரத்திலும் ஏழைகளின் குடியிருப்புகளிலும் நூற்றுக்கணக்கான போலீஸார் ஒரு பகுதியையே சுற்றி வளைத்து, வீடு வீடாக அடையாள அட்டையும் வண்டிப் பத்திரமும் கேட்கும் ‘கார்டன் அண்ட் சர்ச்’ பல ஆண்டுகள் நடந்தது. நள்ளிரவுக்குப் பிறகு வீட்டு வாசல் திண்ணையிலும் தெருமுனையிலும் உட்கார்ந்து பேசும் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போய், பெற்றோரை வரவழைத்து அறிவுரை சொல்லும் ‘மிஷன் சபூத்ரா’ நடந்தது. எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டால் பதில் இராது, நல்லதற்குத்தான் என்பார்கள். இதையே பஞ்சாரா ஹில்ஸ் பங்களாக்களின் வரிசையில் ஓர் இரவு செய்து பார்த்தால் மறுநாள் எத்தனை கமிஷனர்கள் பணியிடம் மாறுவார்கள் என்று யோசிக்கலாம். 2007 மெக்கா மசூதி குண்டுவெடிப்புக்குப் பின் பிடித்துக்கொண்டு போகப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் பலர் பின்னால் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அரசு அவர்களில் சிலருக்கு இழப்பீடும் கொடுத்தது, அந்த இழப்பீட்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ரத்தம் சிந்தாமல் இதே வேலையைச் செய்வது தடுப்புக்காவல் சட்டம். தெலங்கானாவில் பி.டி. ஆக்ட், தமிழ்நாட்டில் குண்டர் சட்டம். இங்கே 1982இல் வந்தது, அங்கே 1986இல். ஓர் ஆண்டு வரை ஒருவரை உள்ளே வைக்க நிரூபணம் தேவையில்லை, இவர் ஆபத்தானவர் என்று அதிகாரியின் மனத்துக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும். அந்தக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறித்த மோசடி வழக்கில் ஜாமீன் கிடைத்தவரைக்கூடப் பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று சொல்லி அடைத்தார்கள். 2022 ஏப்ரலில் அந்த உத்தரவை ரத்து செய்தபோது, தெலங்கானாவில் இந்தச் சட்டம் யோசிக்காமல் பயன்படுத்தப்படுகிறது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2023 செப்டம்பரில் இன்னொரு வழக்கில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டை நாடு கொண்டாடும் வேளையில் அந்த மாநிலப் போலீஸ் அதிகாரிகள் சிலர் அடிப்படை உரிமைகளை மறந்து செயல்படுகிறார்கள் என்று இன்னும் கடுமையாகச் சொன்னது. நீதிமன்றம் கண்டிக்கிறதே, அப்படியானால் ஜனநாயகம் உயிரோடுதானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தக் கண்டிப்பு வந்து சேரும்போது ஏழையின் சிறைக்காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். தமிழ்நாட்டு வாசகர் இதைப் படித்துத் தெலங்கானாவைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம், குண்டர் சட்டத்தில் அடைப்பதில் நம் மாநிலம் ஆண்டுதோறும் முன்வரிசையில்தான் நிற்கிறது.

கோட்டுக்கு இப்பால் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றால் இந்தக் கட்டுரைக்கே பாதி அவசியம் குறைந்துவிடும். கோடு நகர்கிறது. மாவோயிஸ்டுகளைக் கண்காணிக்கப் பிரிக்கப்படாத ஆந்திரத்தில் வளர்க்கப்பட்டது சிறப்பு உளவுப் பிரிவு. 2023 டிசம்பர் 3 அன்று தெலங்கானாவில் ஆட்சி மாறும் முடிவு வந்தது. அடுத்த நாள் அந்தப் பிரிவின் அலுவலகத்தில் ஹார்ட் டிஸ்குகள் அழிக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, 2024 மார்ச் முதல் அதிகாரிகள் கைதானார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், பத்திரிகையாளர்கள், தொழிலதிபர்கள், நீதித்துறையைச் சேர்ந்தவர்கள்வரை தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. அது உண்மையா என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அந்த அதிகாரிகளுக்கு வக்கீல் கிடைத்தார், ஜாமீன் மனு போட முடிந்தது, வெளிநாட்டில் இருந்த அந்தப் பிரிவின் முன்னாள் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் பாதுகாப்பைப் பெற்றுத் திரும்பினார். கிடைக்க வேண்டியதுதான், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. காட்டில் இருப்பவனுக்கு எதிராகத்தானே என்று கேள்வியில்லாமல் கட்ட அனுமதித்த கருவி, நகரத்து மாளிகைகளுக்குள் காது வைத்ததாகப் புகார் வந்த பிறகுதான் மாளிகைகளுக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் பஞ்சாரா ஹில்ஸில் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த கட்டளைக் கட்டுப்பாட்டு மையம் நகரம் முழுவதிலும் உள்ள கேமராக்களை ஒரே இடத்தில் பார்க்கிறது. முகமறியும் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சட்டத்தில் அதிகாரம் என்று கேட்டு ஒரு சமூக ஆர்வலர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். தெருவில் போலீஸார் அவருடைய முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்ததில் தொடங்கிய வழக்கு அது. போலீஸ் சொன்னது என்ற இடத்தில் நாளைக்கு இயந்திரம் சொன்னது என்று வரும். இயந்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்வது இன்னும் கடினம்.

போலீஸ் தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஹைதராபாத்தில் அது வெறும் பேச்சல்ல. மாவோயிஸ்டுகளை எதிர்க்கக் கிரேஹவுண்ட்ஸ் படையை உருவாக்கிய கே.எஸ். வியாஸ் 1993 ஜனவரியில் அதே நகரத்தின் விளையாட்டு அரங்கில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 1999இல் போலீஸ் அதிகாரி உமேஷ் சந்திரா நடுத்தெருவில் கொல்லப்பட்டார். எதிரே துப்பாக்கியோடு ஒருவன் நிற்கும்போது போலீஸ்காரர் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, தற்காப்புரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தியவர் அது தற்காப்புதான் என்று இன்னொருவர் முன் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். 2009 பிப்ரவரியில், கண்ணபிரான், பாலகோபால் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஆந்திரப் பிரதேச குடிமை உரிமைக் குழுவின் வழக்கில், உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத்தான் சொன்னது: ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் சம்பந்தப்பட்ட போலீஸார் மீது எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், தற்காப்பு என்பதை விசாரணையில் நிறுவ வேண்டும். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2014இல் உச்ச நீதிமன்றமே 16 நெறிமுறைகளை வகுத்தது. அவற்றில் சம்பவத்தைப் பதிவு செய்வதும் தனி விசாரணையும் உண்டு, சுட்டவர் மீது வழக்கு என்ற கூர்மை இல்லை. சட்டான்பல்லி அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து நடந்தது. சிர்பூர்கர் ஆணையம் பரிந்துரைத்த பிறகும் விஷயம் உயர் நீதிமன்றத்தில் இழுபட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: இந்தியா போலீஸ் ராஜ்யம் அல்ல, இந்தியாவுக்குள் ஒரு போலீஸ் ராஜ்யம் இருக்கிறது, அதன் பரப்பு கூடிக்கொண்டு வருகிறது. அதைக் குறுக்கும் வழிகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. காவல் நிலையங்களில் ஒலியும் பதியும் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2009 அமர்வின் தீர்ப்பைச் சட்டமாக்கும் முயற்சியைச் சட்டமன்றம் தொடங்கலாம். சித்திரவதைக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2017இல் சட்ட ஆணையம் வரைவு மசோதாவோடு பரிந்துரை கொடுத்துவிட்டது. அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: உங்கள் ஆட்சியில் போலீஸ் காவலில் யாராவது செத்தால், போலீஸ் சொல்வதைச் சரிபார்க்கப் போலீஸ் அல்லாத ஆள் யார்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. அதை உறுதிசெய்யும் வேலையை அதன்பின் வந்த எந்தக் கட்சியின் அரசும் செய்யவில்லை.